பழைய டெஸ்க்டாப்புக்கு எந்த டிஸ்க் போடலாம்?

"கம்ப்யூட்டர் ஆன் ஆகவே அஞ்சு நிமிஷம் ஆகுது, எஸ்எஸ்டி போட்டா சரியாகுமா?" என்று யார் கேட்டாலும் யோசிக்காமல் ஆமாம் என்று சொல்லிவிடலாம். எஸ்எஸ்டி என்றால் சுற்றும் தட்டில்லாமல் சிப்பிலேயே டேட்டாவை வைக்கும் டிஸ்க். அடுத்து "எந்த எஸ்எஸ்டி?" என்பார்கள், அங்கேதான் பதில் நீளும். கடையில் எடுத்துப் போடுவது நாலைந்து ரகம். பழையபடி ஹார்ட் டிஸ்க், அதே சாட்டா கேபிளில் மாட்டும் இரண்டரை இன்ச் சாட்டா எஸ்எஸ்டி, மதர்போர்டின் எம்.2 ஸ்லாட்டில் நேராகச் சொருகும் விரல் நீள என்விஎம்இ (இது பிசிஐஇ என்ற வேகமான வழியில் பேசும்), அதிலேயே அந்த வழியின் தலைமுறைப்படி ஜென்3, ஜென்4, ஜென்5, போதாக்குறைக்கு அதே உருவத்தில் எம்.2 சாட்டா என்று இன்னொன்று. எல்லாப் பெட்டியிலும் பெரிய எழுத்தில் ஒரு வேகம் போட்டிருக்கும். அந்த எண்ணைப் பார்த்து முடிவெடுத்தால் பாதிப் பணம் வீண். உங்கள் மதர்போர்டு எது, அதில் என்ன வேலை செய்கிறீர்கள், இந்த இரண்டுக்கும் பிறகுதான் வேகம்.

முதலில் அந்த எண்ணையே பார்த்துவிடுவோம். நல்ல 7200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க் ஒரு பெரிய ஃபைலை வினாடிக்கு 150, 200 எம்பி வேகத்தில் படிக்கும். சாட்டா எஸ்எஸ்டி 550 வரை போகும், அதற்கு மேல் சாட்டா வழியே விடாது. ஜென்3 என்விஎம்இ சுமார் 3500, ஜென்4 சுமார் 7000, ஜென்5 என்றால் 14000 வரைகூடப் போடுகிறார்கள். இதைப் பார்த்தால் சாட்டா வாங்குபவன் முட்டாள் என்றுதான் தோன்றும். ஆனால் விண்டோஸ் பூட் ஆகும்போதோ க்ரோம் திறக்கும்போதோ யாரும் ஒரே பெரிய ஃபைலைப் படிப்பதில்லை, ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகள் டிஸ்க் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. ஹார்ட் டிஸ்க்கில் ஒவ்வொரு துண்டுக்கும் படிக்கும் ஹெட் நகரவேண்டும், தட்டு சுற்றி வரவேண்டும், கிட்டத்தட்ட 12, 13 மில்லி செகண்ட் போய்விடும். அதாவது வினாடிக்கு நூறு துண்டுகூடத் தேறாது. துண்டு ஒன்று 4 கேபி என்றால் மொத்தமே அரை எம்பிக்கும் கீழே.

இதைக் கண்ணால் பார்க்கவேண்டுமா? ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் ஓடும் கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸில் டிஸ்க்கைச் சொடுக்குங்கள். ஆக்டிவ் டைம் 100% என்று நிற்கும், கீழே ரீட் ஸ்பீடு பார்த்தால் 1.2 எம்பி, 0.8 எம்பி என்று இருக்கும். டிஸ்க் மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருக்கிறது, உங்கள் கைக்கு வருவது அவ்வளவுதான். இதே 4 கேபி துண்டு வேலையைச் சாட்டா எஸ்எஸ்டி வினாடிக்கு 30, 40 எம்பி வேகத்தில் செய்யும், நல்ல என்விஎம்இ 60, 80 வரை போகும். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சாட்டாவுக்கு மாறினால் பல பத்து மடங்கு, அங்கிருந்து என்விஎம்இக்குப் போனால் இரண்டு மடங்கு. பெட்டியில் போட்ட 550க்கும் 7000க்கும் உள்ள தூரம் பெரிய ஃபைல் காப்பியில் மட்டும் தெரியும், தினசரி வேலையில் சொன்னால்தான் தெரியும்.

சரி, மதர்போர்டுக்கு வருவோம். வீடுகளிலும் சின்னக் கடைகளிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் அசெம்பிள்டு பெட்டிகளில் பெரும்பாலும் பழைய இன்டெல் பிராசசர்களுக்கான எச்61 அல்லது எச்81 போர்டுதான் இருக்கும். இரண்டிலும் பெரும்பாலும் எம்.2 ஸ்லாட் இருக்காது. எச்61ல் சாட்டாவே பழைய 3 ஜிபிட், எவ்வளவு உயர்ந்த எஸ்எஸ்டி போட்டாலும் 280 எம்பி பக்கம் நின்றுவிடும். எச்81ல் நாலு போர்ட் இருந்தால் இரண்டு மட்டும் 6 ஜிபிட், எந்த இரண்டு என்பது போர்டிலேயே பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும், டார்ச் அடித்துப் பார்த்துச் சொருகுங்கள். இந்த மாதிரிப் பெட்டிக்குச் சாட்டா எஸ்எஸ்டி தவிர வேறு பேச்சே வேண்டாம். பிசிஐஇ அடாப்டர் கார்டில் என்விஎம்இ போடலாமே என்று யாராவது சொல்வார்கள். போடலாம், விண்டோஸ் ஏறிய பிறகு இரண்டாவது டிரைவாகத் தெரியவும் செய்யும், ஆனால் அதிலிருந்து பூட் ஆகாது. அந்தக் காலத்து பயாஸுக்கு (ஆன் செய்ததும் முதலில் ஓடும் போர்டின் புரோகிராம்) என்விஎம்இ என்றால் என்னவென்றே தெரியாது. பயாஸை மாற்றி எழுதிப் பூட் செய்பவர்கள் இருக்கிறார்கள், பொழுதுபோக்கு என்றால் செய்யுங்கள், நாளைக்கு ஜிஎஸ்டி ஃபைல் செய்யவேண்டிய கம்ப்யூட்டரில் செய்யாதீர்கள்.

இந்தப் பெட்டிகளுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11க்கு குறைந்தது இன்டெல் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் கேட்கிறார்கள். எச்81ல் ஓடும் நாலாம் தலைமுறை ஐ5 அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் இதில் போடும் காசு நாளை வேறு பெட்டிக்கும் போகிற மாதிரி இருக்கவேண்டும். சாட்டா எஸ்எஸ்டி அப்படிப்பட்டது, புதிய போர்டிலும் சாட்டா போர்ட் இருக்கிறது, இல்லாவிட்டால் யூஎஸ்பி கேஸில் போட்டு வெளி டிரைவாக்கிக்கொள்ளலாம். அதுவரை லினக்ஸ் மின்ட் போட்டு ஓட்டினால்கூட எஸ்எஸ்டியில் பளிச்சென்று இருக்கும்.

எம்.2 ஸ்லாட் இருக்கிற போர்டுகளில்தான் உண்மையான குழப்பம். ஸ்லாட் இருந்தால் போதும் என்று நினைக்கவேண்டாம், அதன் பின்னால் என்ன வழி இருக்கிறது என்று பார்க்கவேண்டும். எச்310 போர்டின் சிப்செட் கொடுக்கும் பிசிஐஇயே 2.0தான், அதாவது ஜென்2தான், அதன் எம்.2வில் ஜென்4 டிரைவ் போட்டால் வேலை செய்யும், ஆனால் ஜென்3 வேகத்தில் பாதிகூட வராது. பி550 போர்டு வாங்கி ஜென்4 இருக்கிறது என்று சந்தோஷப்பட்டு அதில் ரைசன் 5 5600ஜி போட்டிருப்பார்கள், தனி கிராபிக்ஸ் கார்டு வாங்கப் பணமில்லாத காலத்தில் நிறையப் பேர் அப்படித்தான் போட்டார்கள். அந்தப் பிராசசர் ஜென்3 வரைதான் பேசும். பி560 போர்டில் பத்தாம் தலைமுறை இன்டெல் போட்டிருந்தால் கதை இன்னும் மோசம், பிராசசருடன் நேராக இணைந்த முதல் எம்.2 ஸ்லாட் பதினோராம் தலைமுறைக்கு மட்டும்தான் உயிர் பெறும். டிரைவ் செத்துவிட்டது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், இரண்டாவது ஸ்லாட்டுக்கு மாற்றினால் தெரிந்துவிடும். இதற்கு நேர்மாறான பயமும் உண்டு: எம்.2வில் புதிய டிரைவ் போட்டதும் பழைய ஹார்ட் டிஸ்க் காணாமல் போகும். பல போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டும் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டும் ஒரே வழியைப் பங்குபோட்டுக்கொள்கின்றன, ஒன்றில் டிரைவ் போட்டால் மற்றது அணைந்துவிடும். கேபிளை வேறு போர்ட்டில் சொருகினால் டிஸ்க் திரும்பி வந்துவிடும். போர்டின் மேனுவலில் ஸ்டோரேஜ் பக்கத்தில் ஒரு சின்ன அட்டவணையில் இதெல்லாம் போட்டிருக்கிறான், யாரும் படிப்பதில்லை.

எம்.2 சாட்டாவைப் பற்றி ஒரே வரி: ஸ்லாட் என்விஎம்இயை ஏற்காது, சாட்டாவை மட்டும் ஏற்கும் என்றால் தவிர அதை வாங்கக் காரணமே இல்லை.

இப்போது ஒரே ரகத்துக்குள் எதை எடுப்பது? இதில்தான் கடைக்காரர் வாயைத் திறக்கமாட்டார். எஸ்எஸ்டிக்குள் டேட்டா சேரும் ஃபிளாஷ் சிப் டிஎல்சியா க்யூஎல்சியா, அதாவது ஒரு செல்லில் மூன்று பிட் வைக்கிறானா நாலு பிட் வைக்கிறானா என்பது விலையில் சின்ன வித்தியாசம்தான், எழுதும்போது பெரிய வித்தியாசம். இப்போதைய பெரும்பாலான எஸ்எஸ்டிகள் வருகிற டேட்டாவை முதலில் வேகமான ஒரு பகுதியில் வாங்கிவைத்துக்கொண்டு சும்மா இருக்கும் நேரத்தில் நிரந்தர இடத்துக்கு மாற்றும், லாரியில் வந்த மூட்டைகளைத் திண்ணையில் இறக்கிவிட்டு அப்புறமாக ஒவ்வொன்றாக உள்ளே தூக்கிப்போகிற மாதிரி. திண்ணை நிறைந்துவிட்டால் ஒவ்வொரு மூட்டையையும் நேராக உள்ளே கொண்டுபோக வேண்டியதுதான், லாரி வாசலில் காத்துக் கிடக்கும். சாம்சங் 870 க்யூவிஓ 1 டிபியை எடுத்துக்கொள்ளுங்கள், சாம்சங் கொடுத்த விவரத்திலேயே இருக்கிறது: 42 ஜிபி வரை வினாடிக்கு 530 எம்பி, அது நிறைந்த பிறகு 80 எம்பி. எண்பது! ஹார்ட் டிஸ்க்கே இதற்கு மேல் எழுதும். அவர்களாவது ஒளிக்காமல் சொன்னார்கள், பலர் அதைக்கூடப் போடுவதில்லை.

இது எல்லாருக்கும் பிரச்சினையா என்றால் இல்லை. ஒரே மூச்சில் 42 ஜிபி எழுதுகிறவர் வீட்டில் எத்தனை பேர்? ஸ்டீமில் 100 ஜிபி கேம் இறக்கினால்கூட உங்கள் இன்டர்நெட் வேகம்தான் முட்டுக்கட்டை, டிஸ்க் அல்ல. ஆனால் கல்யாண வீடியோ எடுக்கிறவரிடம் கொடுத்துப் பாருங்கள். முகூர்த்தம் முடிந்து இரண்டு கேமராவின் கார்டுகளையும் ஒன்றன்பின் ஒன்றாக இறக்குவார், 200 ஜிபி, 250 ஜிபி. கால்வாசி போகும் வரை ஜோராகப் போன காப்பி பிறகு தவழும், அவர் கார்டு ரீடரைச் சந்தேகப்பட்டு வேறொன்று வாங்குவார்.

அடுத்தது டிராம் கேஷ். எந்த டேட்டா எங்கே இருக்கிறது என்ற வரைபடத்தை வைத்துக்கொள்ள நல்ல எஸ்எஸ்டியில் தனி மெமரி இருக்கும், மலிவானதில் இருக்காது. என்விஎம்இயில் அது இல்லாவிட்டாலும் கம்ப்யூட்டரின் ராமிலிருந்து கொஞ்சம் கடன் வாங்கிக்கொள்ளும் வசதி உண்டு. சாட்டாவில் அந்த வசதி கிடையாது. அதனால் என் கணக்கு இப்படி: சாட்டா வாங்குகிறீர்களா, டிராம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், உதாரணத்துக்கு 870 இவிஓ அல்லது கையிருப்பில் கிடைத்தால் க்ரூஷியல் எம்எக்ஸ்500. என்விஎம்இ என்றால் டிராம் இல்லாத டிஎல்சி டிரைவ் வீட்டுக்குத் தாராளம், டபிள்யூடி ப்ளூ எஸ்என்580 மாதிரி. பெயரே கேள்விப்படாத கம்பெனியின் 256 ஜிபி சாட்டா டிரைவ் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று சொல்வார்கள். ஹார்ட் டிஸ்க்கைவிட வேகம்தான், மறுக்கவில்லை. பாதிக்கு மேல் நிரம்பட்டும், அப்போது தெரியும்.

பெயர் பார்த்து வாங்கினாலும் முழு நிம்மதி இல்லை. 2021ல் சில பெரிய கம்பெனிகள் அதே மாடல் பெயரை வைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் ஃபிளாஷையும் அதை இயக்கும் கன்ட்ரோலர் சிப்பையும் மாற்றியது வெளியே வந்தது. க்ரூஷியல் பி2 டிஎல்சியிலிருந்து க்யூஎல்சிக்கு இறங்கியது, டபிள்யூடி எஸ்என்550ல் முன்னே சொன்ன திண்ணை நிறைந்த பிறகான எழுதும் வேகம் குறைந்தது. ஆரம்பத்தில் வந்த நல்ல விமர்சனத்தைப் பார்த்து வாங்கியவர்களுக்கு வேறு டிரைவ் கிடைத்தது. விமர்சனத்தின் தேதியையும் பாருங்கள் என்பது இதனால்தான்.

எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்ற பயம் மட்டும் வேண்டாம். 1 டிபி டிஎல்சி டிரைவ் ஒன்றுக்கு 600 டிபி எழுதும் வரை வாரண்டி என்று போட்டிருந்தால், தினமும் 30 ஜிபி எழுதினாலும் வருடத்துக்கு 11 டிபிதான், ஐம்பது வருடத்துக்கு மேல் வரும். அதற்கு முன்னால் கன்ட்ரோலர் போகும், இல்லை கரண்ட் கட்டில் ஏதாவது ஆகும், இல்லை நீங்களே மாற்றிவிடுவீர்கள். யூபிஎஸ் பேட்டரி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது இந்த டிபிடபிள்யூ (எத்தனை டிபி எழுதலாம் என்ற) கணக்குப் பார்ப்பதைவிட உபயோகம்.

அப்போ ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டதா? விண்டோஸ் போடுவதற்குச் செத்துவிட்டது, சேர்த்து வைப்பதற்கு இல்லை. 500 ஜிபி, 1 டிபி அளவில் புதிய ஹார்ட் டிஸ்க் வாங்குவதில் அர்த்தமே இல்லை, மோட்டாரும் தட்டும் பெட்டியும் எந்த அளவானாலும் வேண்டும் என்பதால் ஒரு விலைக்குக் கீழே இறங்காது. 4 டிபிக்கு மேல் போனால் ஜிபிக்கு இவ்வளவு என்ற கணக்கில் எஸ்எஸ்டி பக்கத்தில்கூட வரமுடியாது. 2025 கடைசியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதில் எஸ்எஸ்டி விலையும் ஏறிவிட்டதால் இந்த இடைவெளி இன்னும் பெரிதாகத் தெரிகிறது. ஹார்ட் டிஸ்க்கில் கவனிக்கவேண்டியது சிஎம்ஆரா எஸ்எம்ஆரா என்பது. சிஎம்ஆரில் தட்டின் டிராக்குகள் (டேட்டா எழுதும் வளையங்கள்) ஒன்றன்மேல் ஒன்று படியாமல் இருக்கும், எஸ்எம்ஆரில் அவற்றை ஓட்டில் ஓடு ஏறியதாக அடுக்கி இடத்தை மிச்சம் பிடிப்பார்கள், ஒன்றைத் திருத்தி எழுதினால் மேலே படிந்திருக்கும் அடுத்த டிராக்குகளையும் எழுதவேண்டி வரும், காப்பி நடுவில் தூங்கிவிடும். 2020ல் டபிள்யூடி தன் ரெட் வரிசை நாஸ் (நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி) டிஸ்க்குகள் சிலவற்றில் இதைச் சொல்லாமல் போட்டது தெரிந்து பெரிய சண்டையாகி வழக்கு வரை போனது, அப்புறம்தான் சிஎம்ஆருக்கு ரெட் ப்ளஸ் என்று தனிப் பெயர் வந்தது. சீகேட் பாரகூடா 2 டிபி எஸ்எம்ஆர்தான். ஒருமுறை எழுதி வைத்துவிட்டு எப்போதாவது படிக்கும் போட்டோ, பழைய படங்களுக்கு அது பரவாயில்லை, தினமும் எடிட்டிங் வேலை என்றால் தொடாதீர்கள்.

இன்னொன்று, ஹார்ட் டிஸ்க் சாகும் முன் பெரும்பாலும் சத்தம் போடும், திணறும், காட்டிக்கொடுக்கும். எஸ்எஸ்டி நேற்று ராத்திரி வரை நன்றாக இருந்து இன்று காலை பயாஸிலேயே தெரியாமல் போகலாம். தவறி அழித்ததை மீட்பதும் கஷ்டம், விண்டோஸ் அனுப்பும் டிரிம் கட்டளை அழித்த இடத்தை உடனே காலியானதாகக் கணக்கெழுதிவிடும். மாசக்கணக்கில் கரண்ட் இல்லாமல் பீரோவில் வைப்பதற்கும் எஸ்எஸ்டி ஏற்றதல்ல. செல்லில் இருக்கும் சார்ஜ் மெல்லக் கசியும், வெயில் கூடினால் வேகமாகக் கசியும். தேய்ந்த டிரைவ் கரண்ட் இல்லாமல் 30 டிகிரியில் ஒரு வருடம் தாங்கினால் போதும் என்பதே சிப் துறையின் ஜெடெக் தரம். புது டிரைவ் அதைவிட நிறையத் தாங்கும் என்றாலும், மகளின் கல்யாண ஆல்பத்தை அதில் மட்டும் வைப்பது என்ன தைரியம்?

ஆக, யாருக்கு எது? எச்81 வைத்த வீட்டுக்கும் டாலி ஓடும் கடைக்கும் 500 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி, கூடவே பழைய ஹார்ட் டிஸ்க்கை டேட்டா காப்பிக்கு வைத்துக்கொண்டு டாலி ஃபோல்டரை தினம் அதில் ஒரு பிரதி. பி450, பி550 வைத்துக் கேம் ஆடும் பையனுக்கு 1 டிபி ஜென்3 அல்லது ஜென்4, எது விலை குறைவோ அது; அதே பணத்துக்கு 500 ஜிபி வேகமான டிரைவா 1 டிபி சுமாரான டிரைவா என்று வந்தால் கண்ணை மூடிக்கொண்டு 1 டிபி. பெரும்பாலான கேம்களில் சாட்டாவுக்கும் என்விஎம்இக்கும் லோடிங்கில் ஒன்றிரண்டு வினாடிதான் வித்தியாசம், இரண்டு கேம் போட்டதும் டிரைவ் நிறைந்துவிடுவது தினசரி எரிச்சல். வீடியோ எடிட்டிங் செய்பவருக்கு டிஎல்சி, டிராம் உள்ள ஜென்4 ஒன்று வேலைக்கு, 4 அல்லது 8 டிபி சிஎம்ஆர் ஹார்ட் டிஸ்க் முடித்த வேலைகளுக்கு, அதே அளவில் இன்னொன்று வெளியே. ஜென்5? ஹீட்சிங்க் இல்லாவிட்டால் சூடேறி வேகம் இறங்கிவிடும், காப்பி போகும் மறுபக்க டிரைவும் அதே வேகத்தில் இல்லாவிட்டால் பிரயோஜனமும் இல்லை. விடுங்கள்.

வாங்கும்போது ஜிஎஸ்டி பில், பில்லில் சீரியல் நம்பர், இரண்டும் முக்கியம். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் வாரண்டிக்கு கேட்பது அதைத்தான். நம்பமுடியாத விலைக்கு 2 டிபி வெளி எஸ்எஸ்டி என்று ஆன்லைனில் வருவதைத் திறந்தால் உள்ளே ஒரு பழைய பென் டிரைவ் பலகை ஒட்டியிருக்கும், அளவைப் பொய்யாகக் காட்டும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை புரோகிராமைப் போட்டு முழுக்க எழுதிப் படித்துப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும். விண்டோஸில் 1 டிபி டிரைவ் 931 ஜிபி என்று காட்டினால் பயப்படாதீர்கள், அது இரண்டு கணக்கு முறைகளின் வித்தியாசம், யாரும் ஏமாற்றவில்லை.

மாட்டுவதில் இரண்டு மூன்று விஷயம். எம்.2வைப் பிடிக்கும் பொடி ஸ்க்ரூ மதர்போர்டு பெட்டியில்தான் வந்திருக்கும், பெரும்பாலும் எஸ்எஸ்டியோடு வராது, அந்தப் பெட்டியைத் தூக்கிப்போட்டிருந்தால் கடையிலேயே ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். டிரைவைச் சாய்வாக நுழைத்தால் மறுமுனை தானாகத் தூக்கிக்கொண்டு நிற்கும், அதை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்க்ரூவைத் திருகவேண்டும், செல்லோடேப் போட்டு ஒட்டியதையும் பார்த்திருக்கிறேன். சாட்டா பவருக்கு எஸ்எம்பிஎஸ்ஸில் (பவர் சப்ளை) வயர் போதவில்லை என்று பழைய நாலு பின் மோலெக்ஸிலிருந்து மாற்றும் கன்வர்ட்டர் வாங்கினால், வயர்கள் பிளாஸ்டிக்கோடு சேர்த்து வார்த்த மலிவு ரகம் வேண்டாம், உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடித்த சம்பவங்கள் நிறைய.

புதிதாக விண்டோஸ் போடும்போது புது எஸ்எஸ்டியைத் தவிர மற்ற எல்லா டிஸ்க்கின் கேபிளையும் கழற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் புது டிரைவில் ஏறிக்கொண்டு பூட் பார்ட்டிஷனை மட்டும் பழைய ஹார்ட் டிஸ்க்கிலேயே விட்டுவிடும், ஆறு மாதம் கழித்து அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றும்போது கம்ப்யூட்டர் பூட் ஆகாமல் நிற்கும். க்ளோன், அதாவது பழைய டிஸ்க்கை அப்படியே புதியதுக்கு நகல், செய்வதென்றால் க்ளோன்சில்லா இலவசம், சில கம்பெனிகள் தங்கள் டிரைவுக்கு அக்ரோனிஸ் கொடுக்கின்றன. பழையது எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் முறையில் இருந்தால் விண்டோஸிலேயே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி கட்டளையால் புதிய ஜிபிடி முறைக்கு மாற்றிக்கொள்ளலாம், மாற்றும் முன் ஒரு பேக்கப்.

கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க்கை பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாமா என்று டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ புரோகிராமில் பாருங்கள். 05 (பழுதாகி மாற்றிவைத்த இடங்கள்) என்ற வரியிலும் சி5 (பழுது என்று சந்தேகப்படும் இடங்கள்) என்ற வரியிலும் ரா வேல்யூ பூஜ்யமாக இருந்தால் இரண்டாவது பிரதிக்கு ஓடட்டும். சி5 ஏறிக்கொண்டே போனால் வேண்டியதை எடுத்துக்கொண்டு ஓரங்கட்டிவிடுங்கள். சி7 (டேட்டா வந்துபோகும் வழியில் வந்த பிழைகள்) மட்டும் ஏறுகிறது, மற்றவை சரியாக இருக்கின்றன என்றால் டிஸ்க்கில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு, பெரும்பாலும் சாட்டா கேபிள்தான், அதை மாற்றிப் போட்டுவிட்டு எண் அப்படியே நிற்கிறதா என்று ஒரு வாரம் கழித்துப் பாருங்கள்.